அவள் திரும்பிப் பார்ப்பதில்லை

நான் எழுதிய சினிமாப் பாடக் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் தடித்த எழுத்தில் இருக்கிறது: ‘வீட்டை விட்டுப் போகும் தாய் கடைசிவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் இயக்குநரின் துணிச்சல்.’ பள்ளியில் சினிமாவும் ஊடகமும் பாடமான நாளிலிருந்து ஒன்பது வருடமாக இதைச் சொல்லித்தான் காலம் தள்ளுகிறேன். பலகையில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும்போது எனக்கே புல்லரிக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கு வந்த டிவிடியில் கீறல். பேருந்து நிறுத்தத்தை நோக்கி அவள் நடக்கும்போது படம் நின்றுவிடும். துடைத்தேன், ஊதினேன், ம்ஹூம். வேறொன்று கேட்டு எழுதியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் கையேடு வேண்டும் என்றார்கள். இவ்வளவு தூரம் திரும்பாதவள் இனியா திரும்பப் போகிறாள் என்று நானே முடித்துவைத்தேன். வகுப்பில் மாட்டிக்கொள்ளவும் வழியில்லை. பீரியடு நாற்பது நிமிடம். மூன்று காட்சியைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பேசினால் மணி அடித்துவிடும்.

இன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம். நாற்பது பேர், ஆளுக்கொரு கையேடு. மூன்றாவது வரிசையில் என் பழைய மாணவி. இப்போது வேறொரு பள்ளியில் இதே பாடம் எடுக்கிறாளாம். பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

“அடடே, நம்ம கனவுக்காரி! இவங்க யாரு தெரியுமா? பரீட்சையில அந்தம்மா திரும்பிப் பாக்குதுன்னு எழுதினவங்க. கனவுல பாத்தியாம்மான்னு கேட்டேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று அந்தப் பதிலுக்குப் பூஜ்யம் போட்டு, ‘முதலில் படத்தைப் பார்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். விடைத்தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். “மாமா வீட்டுல முழுசா பாத்தேன் சார். திரும்புறாங்க சார்.” “எனக்கே பாடம் எடுக்கிறியா? கனவு கண்டிருப்ப, போ” என்றேன். அறையே சிரித்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. முதல் பெஞ்சில் எப்போதும் கையைத் தூக்கிக்கொண்டிருந்த பெண், அதன்பிறகு வருடம் முழுக்கத் தூக்கவே இல்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

“படத்தோட நல்ல பிரிண்ட் கிடைச்சிருக்கு சார், முழுப் படமும் போட்டுடலாம்” என்றார் பயிற்சி அதிகாரி அம்மாள்.

“எதுக்கு மேடம்? மூணு காட்சி போதுமே.”

“கையேடு எழுதினவரோட உக்காந்து பாக்கணும்னு எல்லாரும் ஆசைப்படுறாங்க.”

விளக்கு அணைந்தது.

நிறுத்தத்தை நோக்கி அவள் நடந்தாள். படம் நிற்கவில்லை. பேருந்து வந்தது. படியில் ஒரு கால் வைத்தாள். ஏறித் தொலையேன் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் திரும்பினாள். சும்மா ஒரு பார்வை இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடத்துநர் அதட்டுகிறவரை, வந்த வழியையே பார்த்தாள். இருட்டில் யாரோ பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் புரட்டினார்கள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் போட்டு, விவாதத்துக்காக அந்தக் காட்சியிலேயே படத்தை நிறுத்தினார்கள். என்னை முன்னால் கூப்பிட்டார்கள். திரைக்கு முதுகு காட்டி நின்றேன். மூன்றாவது வரிசையிலிருந்து அவள்தான் எழுந்தாள். கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கட்டும் என்றிருந்தது.

“சார், பதினேழாம் பக்கத்துல அச்சுப்பிழை போல இருக்கு. இல்லையா சார்?”

குரலில் குத்தல் இல்லை. வழுக்கி விழுந்தவனுக்குக் கை கொடுப்பது போலத்தான் கேட்டாள். இல்லம்மா, நான் பார்க்கவே இல்லம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாற்பது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

“ஆமாம்மா” என்றேன். “அச்சுப்பிழைதான். திருத்திக்குங்க.”

பேனாக்கள் கீறும் சத்தம் எழுந்தது. அவள் மட்டும் எழுதவில்லை. கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சுவர் அகலத்துக்கு அந்தத் தாயின் முகம் திரும்பியபடியே நின்றிருக்கும். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.