பன்னிரண்டு மணிக்கு அமுங்கும் பொத்தான்

மாமனாரின் பிடிவாதம் சாதாரணப் பிடிவாதம் அல்ல. போன மாதம் பட்டப்பகலில், வீட்டுக்குள்ளேயே, வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் இதயம் தாங்காது, மதியத்தில் ஏசி போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மருமகள் வேலையிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்து நினைவூட்டினாள். "ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா ஏசி?" என்று ஒவ்வொரு முறையும் நழுவினார். மகனோ கப்பல் வேலையில் இருந்தான். அவன் அதட்டல் கடல் தாண்டி வருவதற்குள் வெயிலே இறங்கிவிடும்.

மருமகள் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானும் ஒயரும்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. கெஞ்சிக் கெஞ்சி வாய் வலித்துப்போனவள், ஒரு சனிக்கிழமை ஏசி ரிமோட்டைக் குப்புறப் போட்டுத் திறந்துவிட்டாள். ஒவ்வொரு ரப்பர் பொத்தானுக்கு அடியிலும் ஒரு கரும்புள்ளி இருந்தது. அதற்கு நேர் கீழே, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு செம்புக் கோடுகள். அமுக்கினால் கரும்புள்ளி இரண்டையும் சேர்த்து வைக்கிறது. 'அட, இவ்வளவுதானா சங்கதி!' ஏசியைப் போடும் பொத்தானின் கோடுகளை ஒரு துண்டு ஒயரால் தானே சேர்த்துப் பார்த்தாள். சுவரில் ஏசி 'பீப்' என்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்தக் கோடுகளில் இரண்டு மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்து, ரிமோட்டை மூடி, ஏசியைப் பார்த்தாற்போல் அலமாரியில் நிறுத்தினாள். ஒயர்களின் மறுமுனை ஒரு ரிலே போர்டுக்குப் போனது, போர்டு பழைய கம்ப்யூட்டருக்குப் போனது. மணி பன்னிரண்டானால் கம்ப்யூட்டர் சொல்ல, போர்டு அரை வினாடி ஒயர்களைச் சேர்த்துவிடும். யாரோ பொத்தானை அமுக்கிவிட்டதாக ரிமோட் நம்பிவிடும். சாயங்காலம் வந்து அணைத்துக்கொள்வது அவள் பொறுப்பு.

"இனிமே கம்ப்யூட்டர் பாத்துக்கும் மாமா. நீங்க ரிமோட்டைத் தொடவே வேணாம்."

"சரிம்மா."

ஞாயிற்றுக்கிழமை சொல்லி வைத்தாற்போல் பன்னிரண்டுக்கு ஏசி ஓடியது. திங்கள் சாயங்காலம் வந்து பார்த்தால் அறை அனலாகக் கொதிக்கிறது. மாமனார் தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, இதுவே போதும்" என்றார். செவ்வாயும் அதே கதை. பேட்டரியை மாற்றினாள். ரிமோட்டின் மூக்கைப் போன் கேமராவில் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் மினுங்கியது, ரிமோட் வேலை செய்கிறது. ஒயரில் குறை இல்லை, போர்டிலும் இல்லை. புதன்கிழமையும் ஏசி மக்கர் செய்யவே, வியாழக்கிழமை லீவு போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நல்ல பிள்ளையாக அது பன்னிரண்டுக்கு ஓடியது.

நான் இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது, இதென்ன கூத்து? பயம் ஒரு பக்கம் இருந்தாலும், காரணம் தெரியாமல் அவளுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. போர்டில் ஒரு சின்ன வெப்பமானியை இணைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் சூட்டைக் குறித்து வைக்கும்படி செய்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

பதினொன்றே காலுக்கு முப்பத்து மூன்று டிகிரி. அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கி, பன்னிரண்டுக்கு இருபத்தாறு. அங்கிருந்து மறுபடி ஏற்றம்.

பிடிபட்டுவிட்டது! பதினொன்றே காலுக்கே யாரோ ஏசியைப் போட்டிருக்கிறார்கள். போடவும் அணைக்கவும் ரிமோட்டில் ஒரே பொத்தான். லிஃப்ட் பொத்தான் என்றால் விளக்கு எரிந்து பதில் சொல்லும். இங்கே ஏசி ஓடுகிறதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. ஓடிக்கொண்டிருந்ததைப் பன்னிரண்டுக்கு அதுவே அணைத்துத் தொலைத்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மாமா, கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க! பதினொன்னே காலுக்கு ஏசி போட்டது நீங்கதானே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தப்புதாம்மா. தொட வேணாம்னு சொல்லியிருந்தே. உன் முன்னாடின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன். நீ இல்லாதப்போ முடியலை, மூச்சு முட்டுச்சு."

"போட்டது நல்லதுதான். நின்னதும் திரும்பப் போட வேண்டியதுதானே?"

"நீதான் வேலையிலேருந்து கம்ப்யூட்டர் வழியா அணைக்கறேன்னு நெனச்சேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"நானா? நீங்க மயங்கி விழுந்ததைப் பாத்த நானா அணைப்பேன்?"

"கோவமெல்லாம் இல்லம்மா. நீ நாள் முழுக்க கிரீஸும் வேர்வையுமா நிக்கறே. நான் வீட்டுல குளுகுளுன்னு உக்காந்திருந்தா உனக்கு எப்படி இருக்கும்? போதும்னு சொல்றே போலன்னு விட்டுட்டேன்."

நான்கு நாள். நான்கு நாளும் அந்த வெக்கையில் உட்கார்ந்து, அவள் கதவைத் திறந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் தன் மேலேயே திரும்பியது. ரிமோட், போர்டு, ஒயர் எல்லாவற்றையும் சோதித்தவள், 'என்ன நடந்துச்சு மாமா?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லையே. வெட்கமாக இருந்தது.

ஒயர்களைக் கத்தரித்துவிட்டு ரிமோட்டை அவர் கையில் வைத்தாள். "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போடுங்க. வேற யாரும் தொட மாட்டாங்க."

அவர் அமுக்கினார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எத்தனை மணிக்கும்மா அணைக்கணும்?"

"என்னைக் கேக்காதீங்க மாமா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.