மாமனார் கேட்ட மீன்

காலையில் தொட்டி விளக்கைப் போட்டால் போதும், மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். மாப்பிள்ளை என்றால் மனிதன் இல்லை, வானவில் மீன். விரல் நீளம்தான் இருப்பான். ஆனால் பெண் மீன் எதிரே வந்துவிட்டால் உடம்பில் நீலமும் ஆரஞ்சும் குப்பென்று ஏறும், நெற்றியில் ஒரு வெளிச்சக் கோடு ஓடும், துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் பாய்வான். பெண்கள் மூன்றும், பாவம், வெளிறிப்போய் ஒரு சாம்பல் நிறம். "எங்கேயாவது ஆம்பளை இப்படி மேக்கப் போட்டுக்கிட்டு அலைவானா?" என்று அந்த வீட்டுக்காரி கேட்பாள். "உன் பின்னாடி நான் அலைஞ்சதெல்லாம் மறந்துபோச்சா?" என்பான் புருஷன்.

அவன் லாரி மெக்கானிக். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். இவள் எங்கள் ஆட்களில் சேர்ந்தவள் இல்லை என்று அவன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். மாற்றுத் துணிகூட எடுக்காமல் வீட்டைவிட்டு வந்தவன், ஒரு வாளியில் நாலு மீனை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தான். அப்பா பல வருஷமாக வேறு எதுவும் கலக்காமல் காப்பாற்றிவந்த வகை அது. அந்த நாலின் பிள்ளைகள்தான் இப்போது தொட்டியில் ஓடுபவை. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பா அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மகள் சுண்டு பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒரு போன் இல்லை.

அப்புறம் ஒருநாள் அவன் அக்கா கூப்பிட்டாள். அப்பாவின் தொட்டிகளில் ஏதோ நோய் புகுந்து எல்லா மீனும் செத்துவிட்டதாம். சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாராம். "அந்த வகை இன்னும் உங்கிட்ட இருக்கான்னு கேக்கச் சொன்னார்டா."

பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. மீன் இருக்கிறதா என்று கேட்டார். நல்ல மனுஷன் போங்கள்! ஆனால் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா கேட்டிருக்கார்! அவரா கேட்டிருக்கார்!" என்று கிரீஸ் கையோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டான். குஞ்சு பொரித்து, கொஞ்சம் வளர்த்து, அப்பா கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சாக்கில் அவர் இந்த வாசல்படி மிதிப்பார். மிதித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இதுதான் அவன் கணக்கு. அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை, சுண்டுவுக்கு ஒரு தாத்தா வேண்டுமே.

பச்சைக் கம்பளி நூலைக் குஞ்சமாகக் கட்டி, தக்கையில் கோத்துத் தொட்டியில் மிதக்கவிட்டான். மாப்பிள்ளை தினமும் காலையில் ஒரு பெண்ணை அதற்குள் ஓட்டிக்கொண்டு போவான். இரண்டும் ஒட்டி நின்று ஒரு நடுக்கம் நடுங்கும், முடிந்தது. குஞ்சத்தை எடுத்து விரித்தால் நூலில் முட்டைகள் தொங்கும், ஊசிமுனைக் கண்ணாடி மணிகள். விட்டுவைத்தால் பெற்றதுகளே தின்றுவிடும். அதனால் வேலைக்குக் கிளம்புமுன் அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்து வேறு டப்பில் போடுவாள். அவன் கைக்கு அது ஆகாது, நட்டு போல்ட்டு பிடித்த கை. நாளெல்லாம் லென்ஸில் கீறல் தேடுகிற கண் அவளுக்கு. பூஞ்சை பிடித்து வெளுத்ததைப் பொறுக்கி எறிவதும் அவள்தான், முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்ததும் "கண்ணு வந்துடுச்சுங்க!" என்று கத்துவதும் அவள்தான்.

பொரித்தபின்தான் உண்மையான பாடு. குஞ்சு என்றால் கண்ணிமை முடி அளவு. நீரின் மேல்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே விழுந்த உணவைத் திரும்பியும் பார்க்காது. வாய் அவ்வளவு சின்னது. கடையில் விற்கிற தூளைப் போட்டால் சுற்றிலும் சோறு மிதக்க நடுவில் பட்டினி கிடந்து சாகும். முதல் தொகுதி அப்படித்தான் போனது. அதன் பிறகு ஜாடியை வெயிலில் வைத்துப் பாசி பிடிக்கவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கொஞ்சம் தேறியதும் உப்புத் தண்ணீரில் இறால் முட்டை பொரிக்கவைத்து அந்தப் பொடி இறால்களை ஊட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவாள். "சுண்டுவுக்குக்கூட நான் இப்படி ஓடலைடி அம்மா" என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். டப்பு நிறையக் குஞ்சு பிழைத்தது.

ஒருநாள் அவன் டப்பின் ஓரம் குந்தி உட்கார்ந்து பெருமையாகச் சொன்னான்: "இதுல ஒரு வம்பு இருக்கு தெரியுமா? எந்த வகையா இருந்தாலும் பொண்ணுங்க பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். வேற வகைப் பொண்ணை உள்ள விட்டா மாப்பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது, சேர்ந்துடுவான். குஞ்சும் பொரிக்கும். அத்தோட அந்த வகை காலி. கலந்த குஞ்சை, வகை காப்பாத்தி வளர்க்கற நாங்க யாரும் அடுத்தவங்க கையில கொடுக்க மாட்டோம்."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"சிலர் சாகிறவரைக்கும் தனியா வச்சுப்பாங்க. அப்பாவா இருந்தா கொட்டிடுவார்."

அவள் சட்டென்று தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் மூன்று பெண்களில் ஒன்று அவள் வாங்கிவந்தது. அவன் வெளியூருக்கு வண்டி பழுது பார்க்கப் போயிருந்தபோது, தீனி போட்டவள் மூடியைச் சாத்த மறந்துவிட்டாள். ஒரு பெண் மீன் துள்ளித் தரையில் விழுந்து காய்ந்து கிடந்தது. வந்து பார்த்தால் மனசு உடைந்துபோவானே என்று கடைக்கு ஓடி, அதே அளவில் அதே சாம்பலில் ஒன்றைப் பார்த்து வாங்கிவந்து விட்டுவிட்டாள். மீனுக்கு மீன், தீர்ந்தது விஷயம் என்று நினைத்தாள். இப்படி ஒரு சட்டம் இருக்கிறதென்று அவள் கண்டாளா?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். அவன் முகத்தைப் பார்ப்பாள். மூடிக்கொள்வாள். கடைசியில் அப்பா வரும் நாள் முடிவாகி, கொடுப்பதற்கு நல்ல குஞ்சுகளாக அவன் பொறுக்கிக்கொண்டிருந்த சாயங்காலம், அடுப்படியிலிருந்து வந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் வலையைக் கீழே வைத்தான். "எது அது?"

காட்டினாள். துடுப்பின் ஓரத்தில் மஞ்சள் இழை ஒன்று, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அவன் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான், அவனுக்குத் தெரியவில்லை.

"மூணு பொண்ணோட முட்டையும் ஒரே டப்புலதானே போட்டோம்?"

"ஆமாங்க. எது எதோட குஞ்சுன்னு எனக்கே தெரியல."

அவன் வலையை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "அப்பாகிட்ட வாயத் திறக்காத. நிறம் ஏற இன்னும் மாசக்கணக்காகும். அதுக்குள்ள அவர் நம்மகூட ஒட்டிக்குவார்" என்றான். வகை வகை என்று உயிரை விட்டவன் வாயிலிருந்து இந்தப் பேச்சு! அவளுக்கு அவன்மேல் பரிதாபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். "வாங்க மாமா" என்றாள். தலையை அசைத்தார். சுண்டுவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியே இருக்கான்டா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுண்டு அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டாள், அவரும் விலக்கவில்லை. வாசல்பக்கம் நின்ற புருஷன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இதைத்தான் ஆசைப்பட்டோம், கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிரு என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் கிழவர் இந்தக் குஞ்சுகளைக் கொண்டுபோய் உயிரைக் கொடுத்து வளர்க்கப் போகிறார். ஒருநாள் நிறம் காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு யார் தலை உருளும்? அவன் தலையா? 'அந்த வீட்டுப் பொண்ணு ஏமாத்திட்டா' என்றுதான் காலத்துக்கும் பேச்சு வரும். அவன் குஞ்சுகளைப் பையில் மொள்ளக் குனிந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"மாமா, குஞ்சு வேணாம். கலந்துடுச்சு. தெரியாம நான்தான் கடைப் பொண்ணு ஒண்ணை வாங்கி விட்டுட்டேன். பெரிய மீனை எடுத்துட்டுப் போங்க. எது நம்மளது இல்லைன்னு எனக்குத் தெரியும், பிரிச்சுத் தரேன்."

புருஷன் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பார்வையை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

மாமனார் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சொன்னது நல்லதும்மா" என்றார். மாப்பிள்ளையையும் அவள் பிரித்துக் காட்டிய இரண்டு பெண்களையும் பையில் போட்டு முடிந்துகொண்டார். பிறகு மகனைப் பார்த்து, "குஞ்சைக் கொட்டிடு" என்றார்.

"நாங்களே வச்சுக்கறோம் மாமா. யாருக்கும் தர மாட்டோம்."

"வச்சிருந்தா என்னைக்காவது வெளியில போகும். கொட்டிடறதுதான் முறை."

அவன் டப்பைத் தூக்கினான். சுண்டு ஓடிவந்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தாத்தா கொட்டணும்? அதுங்க நல்லாத்தானே நீந்துது?"

"அதுங்க கலந்ததும்மா. அந்தப் பக்கமும் சேராது, இந்தப் பக்கமும் சேராது" என்றார் தாத்தா, பொறுமையாக, குழந்தைக்குப் புரியட்டும் என்று.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "மாமா, இதோ நிக்கிறாளே, இவளும் அப்படித்தான். இவளை எங்க கொண்டுபோய்க் கொட்டட்டும்?"

மாமனார் பையின் முடிச்சைச் சரிபார்த்தார்.

"மீனைப் பத்திப் பேசறப்ப மனுஷங்களை ஏம்மா இழுக்கற?" என்றார் அவர். உண்மையாகவே விளங்காதவர் போலத்தான் கேட்டார். பிறகு மகனிடம், "என்னடா நிக்கிற?"

அவள் புருஷனைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்வான், இல்லை டப்பைக் கீழேயாவது வைப்பான் என்று பார்த்தாள். அவன் மகளின் விரல்களை விளிம்பிலிருந்து மெதுவாக விடுவித்தான். டப்போடு குளியலறைக்குள் போனான். தண்ணீர் இறங்கும் சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மாமனார் எழுந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "வர்ற ஞாயிறு வீட்டுக்கு வாடா. தொட்டியெல்லாம் கழுவணும், எனக்கு முதுகு வளையல."

"நாங்க மூணு பேருமா வரோம்ப்பா."

"நீ மட்டும் வந்தாப் போதும்" என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "கிளம்பறேன், மீனுக்கு மூச்சு முட்டும்."

படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. "அப்பா வரச் சொல்லிட்டார்" என்றான்.

சுண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான் ஏன் தாத்தா வீட்டுக்கு வரக் கூடாது?"

அவன் எந்தச் சிக்கலிலும் எப்போதும் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தான். காலி டப்பு இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"குழந்தை உங்களைத்தான் கேக்குது" என்றாள் அவள். "நீங்களே சொல்லுங்க."