ஜெனிற்றாவுக்கென்று பாடிய பாட்டு

முப்பத்தொரு வருடமாக ரொறன்ரோவில் பன்னிரண்டு பேரைக் கட்டி மேய்த்து சுவிங் என்ற ஜாஸ் ஆட்ட இசைக்குழு நடத்துகிறவர் அமிர்தநாதர். ட்றம்பெற்றும் சக்சபோனும் வைத்துத் தமிழில் பாடினால் எங்கட சனம் ஆடுமோ என்று நக்கலடித்தவர்களே, பிறகு அவருக்காகப் பிள்ளைகளின் கல்யாணத் திகதியைத் தள்ளிவைத்தார்கள். எல்லாம் அவர் எழுதுகிற பாட்டுக்காகத்தான். மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது அவர்களுக்கென்றே எழுதிய பாட்டைப் பாடுவார். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குப் பாடமாட்டேன் என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்ததும் அவர்தான்.

அந்தப் பெருமை பொய்யாகி இரண்டு வருடம். பேனையை எடுத்தால் ஒரு சொல்லும் வருவதில்லை. மனைவியிடம் சொல்லக்கூடப் பயம். பழைய கோப்பிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போய்விடுவார். தாளில் பெயர் வரும் இடத்தில் வெறும் கோடுதான் போட்டிருப்பார். யாருக்கு எழுதியதென்று அவருக்கே தெரியாது.

இன்று ஸ்காபரோ மண்டபத்தில் ஜெனிற்றா மாப்பிள்ளையோடு நடந்து வர, முதல் வரியைப் பாடினார். முன்மேசையில் பெண்ணின் தாய் செலீன். இரண்டாம் வரியை அவர் தொடங்குமுன்பே அவளுடைய உதடுகள் அதைச் சொல்லின. மூன்றாவதையும்.

அமிர்தநாதருக்கு அப்போதுதான் விளங்கியது. செலீனின் மூத்த மகள் ஜூலியின் கல்யாணத்துக்கும் அவர்தான் பாடியவர். போன வருடம் 401 நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் ஜூலி செத்துப்போனாள். அந்தக் கல்யாண வீடியோவைத் தாய் எத்தனை தரம் போட்டுப் பார்த்திருப்பாள்! செத்த பிள்ளையின் பாட்டைத் தங்கச்சியின் தலையில் கட்டிவிட்டாரே.

நிறுத்த முடியாது, மணமக்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள். வரியை மாற்றலாமென்றால், பாழாய்ப்போன தலைக்குள் ஒரு சொல்லும் இல்லை. கழுத்தில் வியர்வை வழியப் பாடி முடித்தார். செலீன் எழுந்து மேசை மேசையாகப் போய் ஏதோ சொன்னாள். சனம் திரும்பித் திரும்பி மேடையைப் பார்த்தது. இன்றோடு என் பெயர் நாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இடைவேளையில் அவள் மேடையேறி வந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஜூலியின்ர பாட்டு. அவளும் இஞ்ச நிக்கோணும் எண்டுதானே அண்ணை பாடினனீங்கள்?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் தப்பிவிடலாம். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"இல்லைப் பிள்ளை. எனக்கு இப்ப எழுத வருகுதில்லை. பழசொண்டை எடுத்தனான். எடுக்கேக்க ஆருக்கு எழுதினதெண்டும் தெரியேல்லை."

செலீன் கையை விட்டாள். கீழே யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கையசைத்தார்கள்.

"உந்தக் கதையை ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ," என்றாள். "வேணுமெண்டுதான் பாடினனீங்கள் எண்டு எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன். ஜெனிற்றாவிட்டயும்."

ஜெனிற்றா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, அழுத கண்ணோடு அவருக்கு நன்றி சொல்ல மேடைப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.