ஐந்தருவியில் இரண்டு ஒயர்லெஸ் பெட்டிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஆகாயத்தில் ஆரம்பித்தது. இரண்டு வெளிநாடுகள் நமக்குச் சண்டை விமானம் விற்க வருகின்றன. டெல்லியில் ஒரு கமிட்டி, நீள மேசை, எதை வாங்குவது என்று வாக்குவாதம். ஆறு பக்கம் அடித்து நொறுக்கிவிட்டேன். ஏழாம் பக்கத்தில் ஒரு விமானி உள்ளே ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் எந்தப் பொத்தானை அமுக்குவான்? எனக்கென்ன தெரியும்? நான் தென்காசிக்காரன். ஆறு பக்கமும் அடுப்புக்குப் போயின.

சரி, எனக்கு என்னதான் தெரியும்? மழை தெரியும். வழுக்குப் பாறை தெரியும். சாரல் காலத்தில் கொடியில் போட்ட வேட்டி நாலு நாளானாலும் காயாது என்பது நன்றாகவே தெரியும். அட, பட்டாளத்துச் சாமான் எதுவானாலும் நனைந்து கெடக் கூடாதில்லையா? அதைச் சோதிக்க நம்ம ஊரை விட்டால் வேறு எது! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். விற்க வந்த வெள்ளைக்காரர்களைக் கையோடு குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

(இப்படி ஒரு சோதனை நடந்ததாக எந்தப் பதிவேட்டிலும் தேடாதீர்கள். நடத்தி வைத்தவன் நான்தான்.)

2

வருஷம் 1963, ஆடி மாசம். எங்கே ஆரம்பிப்பது?

முதல் தொடக்கம்: "சீனச் சண்டை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தேசம் தன்னுடைய

'தேசம்' என்று வாயைத் திறந்தாலே என் குரல் மேடை ஏறிவிடுகிறது. அடித்தாயிற்று.

இரண்டாவது: "சுடலையாண்டியின் கைகள்

கையில் ஆரம்பித்தால் ரேகை, காய்ப்பு, உழைப்பு என்று ஒரு பக்கம் போய்விடும். வேண்டாம்.

மூன்றாவது:

"சுடலை! பெட்டியக் கீழ போட்டேன்னா உன்னையும் சேத்துக் கட்டி டெல்லிக்கு அனுப்பிருவேன்!"

இதுதான். பிடித்துக்கொண்டேன். கத்தியவர் மேஜர் தாணுமாலயன். சுசீந்திரத்துக்காரர், சோதனைக்குப் பொறுப்பு அவர்தான். தோளில் பெட்டியோடு பாறைமேல் நடந்தவன் சுடலையாண்டி, ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். வயது நாற்பது.

பட்டாளத்தான் இருக்க எண்ணெய் தேய்க்கிறவன் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம். முதல்நாள் இரண்டு சிப்பாய்கள் பூட்ஸோடு பாசிப் பாறையில் ஏறினார்கள். ஏறின வேகத்திலேயே இறங்கினார்கள், முதுகால். அதற்கப்புறம் மேஜர் அங்கங்கே விசாரித்து, வழுக்காத காலுள்ள ஆளைப் பிடித்தார்.

பெட்டிகள் இரண்டு. முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறுகிற ஒயர்லெஸ் பெட்டி. மேற்கேயிருந்து வந்தது பச்சை, கிழக்கேயிருந்து வந்தது சாம்பல். நாடுகளின் பெயரை எழுதி எழுதி அடித்தேன். பெயர் வந்ததும் வாசகர் கட்சி கட்டிவிடுகிறார். உங்களுக்குப் பச்சை, சாம்பல் போதும். பச்சைக்கு ஒரு விற்பனைக்காரன், எந்நேரமும் சிரிப்பான். சாம்பலுக்கு ஒரு விற்பனைக்காரன், எந்நேரமும் குடை பிடிப்பான். மூன்று நாள் பெட்டிகள் சாரலில் கிடக்க வேண்டும். நாலாம் நாள் ஒரு மணி நேரம் அருவித் தண்ணீருக்கு அடியில். பக்கத்து ஊரான இலஞ்சியில் ஒரு தென்னந்தோப்பில் இன்னொரு சிப்பாய் உட்கார்ந்து ஒயர்லெஸ்ஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருப்பான். எந்தப் பெட்டி கடைசிவரைக்கும் அவன் குரலைக் கேட்கவைக்கிறதோ அதை ஆயிரக்கணக்கில் வாங்கி எல்லைக்கு அனுப்புவார்கள்.

3

சுடலையாண்டியை எனக்குச் சந்தேகம். இவ்வளவு கவனமாகப் பெட்டியைச் சுமக்க இவனுக்கென்ன வந்தது? கூலிக்குச் செய்கிறவன் இப்படிப் பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்துவானா? ரெண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் அவனுக்கு ஒரு தம்பி இருப்பது தெரிந்தது.

தம்பி மாடக்கண்ணு. பட்டாளத்தில் அவனுக்கு ஒயர்லெஸ் வேலை. தை மாதம் லீவில் வந்தான், இடது காலில் ரெண்டு விரல் இல்லாமல். பனி தின்றுவிட்டதாம். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"மூணு நாளு கத்தினேன்ணே. பின்வாங்கிருங்கன்னு மேலேருந்து சொல்லிருக்காங்க. எங்களுக்குக் கேக்கல. பெட்டிக்குள்ள ஈரம் எறங்கி ஊமையாப் போச்சு. பதினோரு பேரு இருந்தோம். நாலு பேருதான் எறங்கி வந்தோம்."

"அந்தப் பெட்டிய மாத்திட்டாங்களாலே?"

"எங்கண்ணே மாத்துறது? அதேதான். புதுசு வரும்னு சொல்லுதாங்க."

அந்தப் புதுசுதான் இப்போது சுடலையின் தோளில் இருக்கிறது. இதில் ஏதோ ஒன்று நாளைக்குத் தம்பி முதுகில் ஏறும். இதைத் தெரிந்துகொண்டு ஒருத்தன் அலட்சியமாக நடப்பானா?

4

நாலாம் நாள் காலை. இதை எழுதும்போது எனக்கே வேர்த்தது.

சுடலை முதலில் பச்சையைக் கொண்டுபோய்ப் பாறையிடுக்கில் வைத்தான். வழவழவென்று இருந்தது, நாலு பக்கமும் கொக்கி. அடுத்தது சாம்பல். வைத்துவிட்டு மூடியைச் சரிபார்க்கத் தடவினான். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு. வறண்டு, வெடித்து, பித்தவெடிப்புக் குதிகால் மாதிரி சொரசொரவென்று விரலில் பட்டது. அவன் யோசிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். இடுப்பிலிருந்த கிண்ணியில் கைவிட்டு, நல்லெண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலால் விளிம்பு முழுக்க அழுத்தித் தேய்த்துவிட்டான். தண்ணீருக்குள் போகிற எதையும் அவன் எண்ணெயில்லாமல் அனுப்பினதில்லை. தேய்த்ததே அவன் மனசில் பதியவில்லை.*

* பதியவில்லையா, பதியாத மாதிரி இருந்தானா? இந்த இடத்தில் நான் அவனை நம்புகிறேன். நீங்களும் நம்பினால் நல்லது.

இரண்டு பெட்டியின் ஹெட்போனும் மாறி மாறி மேஜர் காதில். பத்து நிமிஷம், இருபது, முப்பது. இரண்டும் பேசின. நாற்பதாவது நிமிஷத்தில் பச்சை கொர்ரென்றது. அப்புறம் மூச்சில்லை. சிரிக்கிறவன் சிரிப்பை நிறுத்தினான். சாம்பல் பேசிக்கொண்டே இருந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது!

"பேசுது! பேசுதுலே!" மேஜர் தன் உத்தியோகத்தை மறந்து குதித்தார். குடைக்காரன் குடையை வீசிவிட்டுச் சுடலையைக் கட்டிப்பிடித்தான். குளிக்க வந்த கூட்டம் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டியது. மறுநாள் காலை பத்து மணிக்கு அறிக்கையில் கையெழுத்து, மதியம் ரயில். சுடலைக்குத் தலைகால் புரியவில்லை. தம்பிக்குப் பேசுகிற பெட்டி கிடைத்துவிட்டது!

இங்கே 'முற்றும்' போட்டேன். கையெழுத்துகூட நன்றாக வந்திருந்தது.

5

முற்றும் போட்ட கதையை அப்துல் ஜப்பாரிடம் வாசித்துக் காட்டினேன். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், என் சேக்காளி, பழைய சிநேகிதன். கேட்டு முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"வே, ரப்பர்ல எண்ணெய் பட்டா என்னாகும்னு தெரியுமாவே ஒமக்கு?"

"என்னாகும்?"

"மொதல்ல ஊதும். ஊதி எடத்த அடைச்சுக்கிடும். அதான் ஒம்ம பெட்டி அன்னைக்குத் தப்பிச்சுது. ஒரு மாசம் கழிச்சுப் பாரும், பிசுபிசுன்னு கையோட வரும். ஒம்ம கதையில அந்தத் தம்பிக்காரன் செத்தான்."

என் முற்றும் செத்தது. எரிச்சலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அப்ப நீயே கதைக்குள்ள வந்து அவன்கிட்டச் சொல்லு" என்றேன். "தலையில முடியோட எழுதுவீருன்னா வாரேன்" என்றான். எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் சுடலை தென்காசிக்கு வந்தான். கால் தரையில் படவில்லை. சைக்கிள் கடையில் ஜப்பார், தலை நிறைய முடியோடு, ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாய், கேட்டீயளா சங்கதிய? அந்த வறண்ட ரப்பருக்கு என் கையால எண்ணெய் தேச்சேன் பாத்துக்கிடுங்க. ஒரு மணி நேரம்! ஒரு சொட்டு உள்ள போகல!"

அதைச் சொல்லும்போதுதான், தான் தேய்த்தது அவனுக்கே முழுசாக ஞாபகம் வந்தது. ஜப்பார் ஒட்டுப் போடுவதை நிறுத்தினான். தன் சாமான் பெட்டியைத் துழாவி, எண்ணெய் பட்டு இளகிப்போன ஒரு வால்வு ரப்பரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். சுடலை விரலால் அமுக்கினான். வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது.

"தேய்க்காம விட்டிருந்தா?"

"அந்த வெடிப்புல தண்ணி போயிருக்கும்னுதான் தோணுது. சத்தியமாச் சொல்ல முடியாது."

"பனிமலையில எண்ணெய் தேச்சுவிட யாரு இருக்கா பாய்?"

ஜப்பார் மறுபடி ஒட்டுப் போடக் குனிந்தான். 

6

இப்போது என்னிடம் இரண்டு முடிவுகள். என் மேசைக்கே இரண்டு விற்பனைக்காரர்கள் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு டெல்லிக் கமிட்டிமேல் முதல்தடவையாகப் பரிதாபம் வந்தது.

(அ) சுடலை வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்து. சாம்பல் பெட்டிகள் கப்பலில் வருகின்றன. 1965, செப்டம்பர். எங்கோ ஒரு எல்லையில் மாடக்கண்ணு பெட்டியை முதுகிலிருந்து இறக்கி, மூடியைத் தடவிப் பார்த்து,

என்னால் முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

(ஆ) சுடலை சொல்லிவிடுகிறான். சீனச் சண்டைக்குப் போட்ட அவசரநிலை இன்னும் நடக்கிற நேரம். பட்டாளத்துச் சோதனையில் கைவைத்தவனைச் சும்மா விடுவார்களா? சாம்பல் கம்பெனியின் கையாள் என்று பாளையங்கோட்டை ஜெயிலில் போடுவார்கள். இரண்டு பெட்டியும் தோற்றதாகிவிடும். புதுசு வர இன்னும் ஒரு வருஷம். அதுவரைக்கும் தம்பி முதுகில் அந்தப் பழைய ஊமைப் பெட்டிதான். அப்படியென்றால் சொல்லி என்ன லாபம்?

இதைச் சுடலையின் வீட்டில் அவன் பெண்டாட்டி மாடத்தியும் கேட்டாள். "நீரு உள்ள போயிட்டா நானும் எம்பிள்ளையளும் எங்க போறது? ஒம்ம தம்பிக்கு அண்ணன் வேண்டாமா?"

"அண்ணன் இருக்கத் தம்பி வேணும்லா?"

மூன்று நாள் நான் இந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை கதையைத் திறந்தால் சுடலை வீட்டில் இல்லை. நான் அனுப்பவில்லை ஐயா, சத்தியமாக!

7

பத்தடிக்கப் பத்து நிமிஷம். மேஜர் தங்கியிருந்த பங்களா வராந்தா. மேஜர் பேனாவைத் திறந்துவிட்டார். குடைக்காரன் ஒரு பக்கம், சிரிக்கிறவன் மறுபக்கம், இன்றைக்குச் சிரிக்காமல்.

"ஐயா, கையெழுத்துப் போடாதீங்க!"

படியேறி வந்த மூச்சிலேயே சுடலை எல்லாவற்றையும் கொட்டினான். எண்ணெய், கட்டைவிரல், வால்வு ரப்பர் வரைக்கும். மேஜரின் முகம் சிவந்துகொண்டே போனது.

"யார் சொல்லித் தேச்சே?"

"யாரும் சொல்லல. கை அதுபாட்டுக்குத் தேச்சிட்டு."

"எந்தக் கம்பெனிக்காரன்?"

"ஐயா, என் தம்பி ஒயர்லெஸ்லதான் இருக்கான். போன வருஷம் அவன் பெட்டி ஊமையாகி ஏழு பேரு செத்தாங்க. நான் எந்தக் கம்பெனிக்காரனுக்குச் செய்யப் போறேன்?"

விஷயம் புரிந்ததும் சிரிக்கிறவனுக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. குடைக்காரன் எழுந்து, சோதனை விதிப்படி முடிந்துவிட்டது, இவனைப் பிடித்துக் கட்டுங்கள் என்று அவன் பாஷையில் குதித்தான். மேஜர் பேனாவை மூடினார். இரண்டு கம்பெனிக்காரர்களும் ஆளுக்கொரு மாற்றுப் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள், சீல் பிரிக்காமல். சாம்பலின் மாற்றுப் பெட்டியை அவர் காலால் முன்னே தள்ளினார்.

"இதைத் தூக்கு. இப்பவே. பேசிட்டா நீ தப்பிச்சே. பேசலைன்னா உன்னையும் இந்தப் பெட்டியையும் சேத்துத்தான் நான் டெல்லிக்குப் பதில் சொல்லணும்."

"சரிங்கய்யா. அதுக்கு முன்னால ஒரு கைப்பிடி சீயக்காய் குடுக்கச் சொல்லுங்க."

முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். நகத்துக்குள்ளும் விட்டுக் கழுவினான். அங்கே நின்ற ஒரு சிப்பாய் அவன் உள்ளங்கையை மோந்து பார்த்துத் தலையாட்டினான். பெட்டியை ஏற்றிக்கொண்டு சுடலை பாறைமேல் நடந்தான்.

8

அருவி நேற்றைவிட அதிகமாக விழுகிறது. மேலே மலையில் நல்ல மழை. பெட்டி பாறையிடுக்கில் இருக்கிறது. அதன் ரப்பரும் வெடித்திருந்ததா? சுடலை இந்தத் தடவை தடவிப் பார்க்கவில்லை. பயந்துவிட்டான். அதனால் எனக்கும் தெரியாது.

பத்து நிமிஷம் பேசியது. இருபது, முப்பது, பேசியது. நாற்பது தாண்டியது. ஐம்பதாவது நிமிஷத்தில் மேஜர் ஹெட்போனைக் கழற்றிச் சுடலையிடம் நீட்டினார்.

"இனிமே நீ கேளு. உன் தம்பிக்குத்தானே."

சுடலை வாங்கிக்கொண்டான். காதருகே கொண்டுபோனான். வைக்க முடியவில்லை. சுற்றிலும் பார்க்கிறான். குடைக்காரனைப் பார்க்கிறான், சிரிக்கிறவனைப் பார்க்கிறான், மேஜரைப் பார்க்கிறான். அப்புறம் நேராக என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேசுகிறது என்று எழுத ஒரு வார்த்தை, பேசவில்லை என்று எழுத ஒரு வார்த்தை, இரண்டுமே என் பேனாவில் இருக்கின்றன. எதை எழுதினாலும் நான் பொய் சொன்ன மாதிரிதான் ஆகும்.

இப்போது அவன் உங்கள் பக்கம் திரும்புகிறான். வழியும் தண்ணீரோடு ஹெட்போனை உங்களிடம் நீட்டுகிறான்.

"எனக்குத் தைரியம் இல்ல அண்ணாச்சி. நீங்க வச்சுக் கேட்டுச் சொல்லுங்க. எனக்காகச் சொல்லாதீங்க, உள்ளதச் சொல்லுங்க. இலஞ்சித் தோப்புல அந்தச் சிப்பாய் எண்ணுதானா?"