இன்னும் மேலே

படிக்கும் பெருமக்களே, உங்கள் வேலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மூன்றாவது மாடிக்கு ஏறி வாருங்கள். இங்கே ஓர் அநீதி நடக்கிறது. கூச்சல் இல்லாமல், காலை ஏழரை மணிக்கு, நாள் தவறாமல் நடக்கிறது. மூன்று வயதுக் குழந்தையை அறைக்குள் விட்டு, ஒரு தாய் வெளியிலிருந்து பூட்டுகிறாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள். ஐந்து படி இறங்கியவள் மறுபடி ஏறிவந்து கதவில் காதை வைக்கிறாள். உள்ளே மகள் பொம்மைக் கரடியை அதட்டும் குரல் கேட்டதும் ஓடுகிறாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட அவசரப்படாதீர்கள். எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் திறக்காத இரும்புக் கதவு ஒன்று இருபது நிமிட நடையில் இருக்கிறது. இந்த அறையைப் பூட்டியது அந்தக் கதவுதான்.

அந்தக் கதவுக்குள் அவள் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறாள். லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எதிர்வீட்டுக்காரியும் அதே தொழிற்சாலையில்தான் பட்டன் வைக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அறை இருக்கிறது! தொழிற்சாலையின் தரைத்தளத்தில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டிய அறை. அதற்குள் கூரைவரை அட்டைப்பெட்டிகள். சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வரும் நாளில் பெட்டிகள் வெளியேறும். பாயும் ஊஞ்சலும் பந்துகளும் நுழையும். மேனேஜர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அழைத்துவரப்பட்டுச் சிரிக்க வைக்கப்படுவார்கள். மறுநாள் பந்துகளின் காற்றைப் பிடுங்கிச் சாக்கில் கட்டிவிடுவார்கள்.

ஆகவே அவள் ஒரு பழைய செல்போனை வாங்கி, பச்சைப் பொத்தானை அழுத்தக் குழந்தைக்குப் பழக்கினாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடைவேளை. காலையில் பறித்துப் பீரோவில் பூட்டிய போன்களைச் சூப்பர்வைசர் அப்போதுதான் திருப்பித் தருவார். அந்தச் சில நிமிடங்களில் மகள் எங்கே இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். குழந்தையோ எப்போது கேட்டாலும் “இங்க” என்றாள். ‘இங்கே’ என்பது அடுப்பருகிலும் இருக்கலாம், தண்ணீர் வாளியருகிலும் இருக்கலாம்.

அப்படித்தான் மாலை விளையாட்டு தொடங்கியது. கரடியை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னாள்.

“கரடி எங்கடி?”

“கீழ.”

“எதுக்குக் கீழ?”

“அப்பா சட்டைக்குக் கீழ. அது அப்பாவ மோந்து பாக்குது.”

கதவுக்குப் பின்னால், வாளிக்குப் பக்கத்தில், தலையணைக்கு மேல் என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிறகு குழந்தையே கரடியானாள். ‘மேலே’ என்றால் கட்டிலில் ஏற வேண்டும். ‘கீழே’ என்றால் அக்கணமே குதிக்க வேண்டும். ‘உள்ளே’ என்றால் அட்டைப்பெட்டிக்குள் போய்க் குந்த வேண்டும். தாய் கட்டளைகளை வேகவேகமாக அடுக்க, மகள் மூச்சிரைக்கச் சிரித்தாள். மற்ற தாய்மார்கள் கொஞ்சலாகச் சொல்லித்தரும் சொற்களை இவள் உயிர்க்காவலாகச் சொல்லித்தந்தாள்.

ஒருநாள் பத்து மணிக்கு அழைத்தாள். மணி நெடுநேரம் அடித்த பிறகே எடுக்கப்பட்டது.

“பாப்பா எங்க இருக்க?”

“மேல.”

“எதுக்கு மேல, தங்கம்?”

ஏறி மூச்சிரைப்பது கேட்டது. பிறகு குழந்தை பெருமை பொங்கச் சொன்னாள்: “இன்னும் மேல.”

இடைவேளை முடிந்த மணி அடித்தது. சூப்பர்வைசரின் கை நீண்டது. போன் பீரோவுக்குள் போயிற்று. அவள் சிரித்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்பி, மூன்று வயதில் இப்படி மடக்கிப் பேசுகிறவளை வக்கீலாக்காமல் விடுவதில்லை என்று பக்கத்து மிஷின் அக்காவிடம் சொன்னாள். “மொதல்ல உன் வேலையப் பாரு வக்கீலம்மா,” என்றாள் அக்கா. “போன கட்டுல ரெண்டு காலர் நாய்க் காது மாதிரி தொங்குது.”

ஒரு மணி நெருங்கும்போது, ஒரு காலரின் நடுவில் அவள் கை நின்றது. கட்டிலைவிட இன்னும் மேலே அந்த அறையில் என்ன இருக்கிறது? அலமாரி எட்டாது. முக்காலி கட்டிலைவிடத் தாழ்ந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. குதிப்பதற்கு இடம் போதவில்லை என்று நேற்று மாலை அவளேதான் கட்டிலை இழுத்து ஜன்னலோடு சேர்த்துப் போட்டிருந்தாள். அந்த ஜன்னலில் இரண்டு கம்பிகள் இல்லை. எட்டு மாதமாக வீட்டுச் சொந்தக்காரர் “அடுத்த வாரம்” என்கிறார்.

ஒரு மணிக்கு இடைவேளை விடவில்லை. லாரி காத்திருக்கிறது, சரக்கு ஏறிய பிறகுதான் சாப்பாடு என்று அறிவித்தார்கள். அவள் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். மணி சொல்லாமல் பேசத் தெரியாத மனிதர். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். ஒரே ஒரு நிமிடம் போன் கேட்டாள். ஜன்னலைச் சொன்னாள், கட்டிலைச் சொன்னாள்.

“மூணு மணிக்கு லோடு ஏறுது. மூணு அஞ்சுக்குப் பேசிக்கம்மா,” என்றார் அவர். “பிள்ள எங்க போயிடப் போகுது? பூட்டித்தானே வெச்சிருக்க?”

அவள் திரும்பிவந்து இன்னும் இரண்டு காலர் தைத்தாள். ஆம், தைத்தாள். அடங்கிப் பழகிய உடம்பு நெஞ்சு பதறும்போதும் மிதியை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாவது காலரை அக்கா அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

“எந்திரி. இத நான் பாத்துக்கறேன். திரும்பிப் பாக்காம போ.”

வாசலில் காவலாளி வெளியே போகும் சீட்டைக் கேட்டார். “பிள்ள ஜன்னல்ல இருக்குண்ணா,” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிறு கதவின் தாழை நீக்கிவிட்டு, “நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன். உன்னப் பாக்கல,” என்றார்.

தெருமுனையில் ஒரு கூட்டம் நின்றது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒருவன் பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டிருந்தான். மறுபடி ஓடினாள். கட்டடத்தின் கீழே வந்து அண்ணாந்தபோது, மூன்றாவது மாடி ஜன்னலின் இடைவெளியில் ஒரு சிறு முதுகு தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தவள் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கும். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

ஜன்னல் திண்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கம்பியில், மறுகையில் கரடி, முதுகுக்குப் பின்னால் மூன்று மாடி வெற்றிடம். “மேல!” என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டளைக்காகத் தாயின் வாயையே பார்த்தாள்.

‘கீழே’ என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ மாலைகளில் அந்தச் சொல்லுக்கு இந்தக் குழந்தை யோசியாமல் குதித்திருக்கிறாள். எந்தப் பக்கம் என்று இதுவரை அவளுக்குக் கேட்கத் தேவை இருந்ததில்லை. தாய் பல்லைக் கடித்து அந்தச் சொல்லை விழுங்கினாள். ஓடிப்போய்ப் பிடிக்கவும் துணியவில்லை. துரத்தினால் சிரித்துக்கொண்டு பின்வாங்குவதும் அவர்கள் விளையாட்டில் உண்டு. அவள் தரையில் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டியை மெல்ல முன்னால் இழுத்தாள்.

“உள்ள,” என்றாள், நேற்று மாலையின் குரலைத் தொண்டைக்குள் எப்படியோ தேடிப் பிடித்து.

“கரடி?”

“கரடியும் உள்ள.”

குழந்தை கம்பியை விட்டாள். ஒரு கணம் உடம்பு பின்னோக்கிச் சாய்ந்தது. தாய் கண்ணை மூடவில்லை. பிறகு சிறு கால்கள் கட்டிலில் இறங்கின, தரையைத் தொட்டன, பெட்டிக்குள் நுழைந்தன. அவள் பெட்டியோடு சேர்த்து மகளைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் மங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் இடுப்பில் குழந்தையோடு தொழிற்சாலை வாசலில் நின்றாள். மணி ஏழு ஐம்பத்தாறு, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வா என்றார் கடிகாரம். அவள் நகரவில்லை. அப்போது அக்கா வரிசையிலிருந்து விலகி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என் பையன் இந்நேரம் மொட்டை மாடிக்கு மேல இருக்கான் சார்,” என்றாள், அவர் மணி சொல்லும் குரலிலேயே.

பட்டன் வைக்கும் எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: “எம்பொண்ணு அடுப்புக்குப் பக்கத்துல.”

“எங்க சின்னவன் கட்டில் காலுக்குக் கீழ,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “இடுப்புல கயிறு கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

எட்டு மணி அடித்தது. ஒருத்தியும் உள்ளே போகவில்லை, ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை. கதவைச் சாத்தப் போன காவலாளி பாதியில் கையை எடுத்துவிட்டார். மேனேஜர் யாருக்கோ போன் செய்துகொண்டிருக்கிறார். சற்று நேரத்தில் போலீஸ் வண்டிகள் வரும். நாற்பது பெண்கள் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு வெறிச்சென்று கிடக்கிறது. படித்தது போதும். எழுந்து வாருங்கள், அங்கே வந்து நில்லுங்கள்.