ஆறு விதை, ஒன்பது செடி

2025ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, விமலநாதன் தன் வீட்டுப் பின்தோட்டத்தில் ஆறு கஞ்சா விதைகளை ஊன்றினார். பத்தாம் நாள் அங்கே ஒன்பது செடிகள் நின்றன. எண்ணியதில் பிழை இருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு அவரைத் தெரியாது. முப்பத்தொரு வருடம் கார் உதிரிப்பாகக் கிட்டங்கியில் ஆணிகளையும் சுரைகளையும் எண்ணி ஓய்வுபெற்ற மனிதர் அவர். அவர் ஒன்பது என்றால் அது ஒன்பதுதான். ஆறு செடிகள் அவர் கயிறு பிடித்து ஊன்றிய இரண்டு வரிசையில் நின்றன. மிச்சம் மூன்றும் மழைநீர்ப் பீப்பாவுக்கும் வேலிக்கும் இடையில், ஒருவரும் விதைக்காத இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் இருபத்தைந்து நிமிடம் போனால் வரும் அந்தச் சிற்றூரில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. கஞ்சா என்ற சொல்லை அந்த நாற்பது வீட்டிலும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் விமலநாதனின் முழங்கால், சீமெந்துத் தரையில் நின்ற வருடங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டி கேட்கத் தொடங்கியிருந்தது. மாத்திரைகள் முழங்காலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தன. வேறு நகரத்தில் மருந்துக்கடையில் வேலைபார்க்கும் மகள் தேனுஜா, சட்டம் மாறிப் போன வருடமே சொல்லிவிட்டாள்: வயது வந்த ஒருவர் தன் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது, அவ்வளவுதான். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. விதைப் பைக்கற்றையும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் பெண் செடியாகத்தான் வரும் என்று அதில் உத்தரவாதம் அச்சடித்திருந்தது.

யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்ற வசனம் விமலநாதனின் காதில் ஏறவில்லை. 1986இல் அகதியாக வந்த நாள் முதல் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதாமல் அவர் இந்த நாட்டில் எதையும் செய்ததில்லை. இருக்க அன்ட்ராக், வேலை செய்ய அன்ட்ராக், பக்கத்து மாவட்டத்தில் நடந்த கலியாணத்துக்குப் போகவும் ஒருகாலத்தில் அன்ட்ராக். அனுமதி தேவையில்லாத ஒன்றை அனுமதி இல்லாமல் செய்ய அவருக்குக் கை வரவில்லை. நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார், தெளிவான எழுத்தில், முகவரி பிறந்த திகதி எல்லாம் போட்டு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நகரசபையில் அப்படியொரு விண்ணப்பத்துக்குக் கோப்பே இல்லாததால், அவருக்காகப் புதிதாக ஒரு கோப்பு திறக்க வேண்டியிருந்தது. அதில் அவர் எழுதியிருந்தார்: வீட்டில் வயது வந்தோர் இருவர். உத்தேசிக்கும் செடிகள் ஆறு.

அந்தக் கடிதத்தின் பிரதியை அவருடைய மனைவி கமலாம்பிகை சாப்பாட்டு மேசையில் நின்றபடி வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"ரெண்டு பேர் எண்டு ஏன் எழுதினனீங்கள்?" என்று கேட்டாள்.

வீட்டில் இருக்கிறவர்களைத்தான் அவர் எண்ணி எழுதியிருந்தார். கமலாம்பிகையின் தம்பி இளங்கீரன் பதினாறு வருடம் அவர்களோடு அந்த வீட்டில் இருந்தவன். உணவகச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வந்து, காலை பத்து மணிவரை தூங்குவான். அக்காள் வீட்டுக்குள் சிகரெட் பற்ற விடமாட்டாள் என்பதால், மழைநீர்ப் பீப்பாவின் பக்கத்தில் ஒரு மர வாங்கில், இடப்பக்கம் சரிந்து உட்கார்ந்து புகைப்பான். 2007இல் தாயின் செத்தவீட்டுக்கென்று ஊருக்குப் போனான். போர் முற்றி, பாதைகள் மூடிக்கொண்டன. 2009ஆம் ஆண்டு மாசி மாதம் முல்லைத்தீவுப் பக்கம் இருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் நாற்பது விநாடி பேசினான். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சில வருடம் கழித்து நகரசபை அவனுடைய பெயரைக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து எடுத்து, 'அறியாத இடத்துக்குப் பெயர்ந்தவர்' என்று எழுதிக்கொண்டது. கமலாம்பிகை வாசல் மணியின் பெயர்ப்பலகையில் இருந்த பெயரை எடுக்கவில்லை. அந்தியேட்டி செய்யச் சொன்னவர்களிடம், இருக்கிறவனுக்கு ஆரும் திவசம் குடுப்பினமோ என்று கேட்டாள். பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. இப்போது தன் சொந்தப் புருஷனே தன் சொந்தப் பேனையால் இரண்டு என்று எழுதி முத்திரை ஒட்டி அனுப்பியிருந்தார். அவள் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. முழங்கால் வலியைவிட அது அவரை அதிகம் வருத்தியது.

ஒன்பது செடி நின்ற காலையில் விமலநாதன் முதலில் சட்டத்தைத்தான் நினைத்தார். கூடுதலான மூன்றையும் மத்தியானத்துக்கு முன் வேரோடு பிடுங்கி, வெட்டி, உயிர்க்கழிவுத் தொட்டியில் போட்டார். பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றும் அதே இடத்தில் அதே உயரத்தில் நின்றன. தொட்டிக்குள் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் தினமும் பிடுங்கினார். கொப்பியில் நேரம் குறித்தார். மழை நாளில் திரும்பி வரக் கொஞ்சம் பிந்தியது, வெயில் நாளில் கெதியாக வந்தது, மற்றபடி வித்தியாசம் இல்லை. எட்டாம் நாள் பிடுங்குவதை விட்டுவிட்டுக் கவனிக்கத் தொடங்கினார். மற்ற ஆறும் விடிந்ததும் இலையை விரித்தன. இந்த மூன்றும் காலை பத்து மணிவரை இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் இடப்பக்கமே சரிந்தன. அவர் இதையெல்லாம் கொப்பியில் எழுதினார், ஆனால் எழுதியதன் அடியில் கோடு இழுத்து விடை போடவில்லை. கமலாம்பிகை ஒருநாள் பத்தரை மணிக்குத் தோட்டத்துக்கு வந்து, பீப்பாவடியில் கொஞ்ச நேரம் நின்று, மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஜூன் நடுவில் அசுவுணி பிடித்தது. இலையின் அடிப்பக்கமெல்லாம் பச்சைப் பூச்சி அப்பிக்கிடந்தது. விமலநாதன் முதலில் தண்ணீரை விசிறி அடித்தார், பிறகு சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார். பொறிவண்டுப் புழுக்களை ஒரு பெட்டியில் வரவழைத்து விட்டார். புழுக்கள் தின்றன, அசுவுணி அதைவிட வேகமாகப் பெருகியது. ஊரில் கத்தரிக்கு அசுவுணி பிடித்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். இங்கே அடுப்பு மின்சாரம், சாம்பலுக்கு எங்கே போவது? ஆனால் கமலாம்பிகையிடம் பால்மாப் பேணி நிறைய விபூதிப் பொட்டலங்கள் இருந்தன. யார் கோயிலுக்குப் போனாலும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். குப்பையில் போடவும் ஏலாது, பூசி முடிக்கவும் ஏலாது. முப்பது வருடத்து விபூதியை அவள் ஒரு வெள்ளிக்கிழமை செடிகளின் மேல் தூவினாள். அசுவுணிகள் சாகவில்லை. சனிக்கிழமை காலை அவை வரிசையாக இறங்கி, புல்லைக் கடந்து, வேலிக்குக் கீழால் பக்கத்து வீட்டு ரோசாவுக்குப் போயின. பக்கத்து வீட்டு பவுமன் அம்மா, தன் ரோசாவில் முதுகில் மூன்று வெள்ளைக் கோடு போட்ட அசுவுணி இருப்பதாகவும், இது எந்த இனம் என்றும் வேலிக்கு மேலால் விசாரித்தார். விமலநாதன் சைவ இனம் என்றார். பீப்பாவடி மூன்றிலும் தொடக்கத்திலிருந்தே ஒரு பூச்சியும் ஏறவில்லை.

ஆடி பிறந்ததும் வேறு சிக்கல் வந்தது. ஆறு செடியும் பைக்கற்றில் சொன்னபடி பெண். பீப்பாவடி மூன்றும் ஆண். ஆண் செடி பூவை அவிழ்த்தால் மகரந்தம் பறந்து மற்றதெல்லாம் விதை கட்டிவிடும், மருந்துக்கு உதவாது என்று தேனுஜா தொலைபேசியில் எச்சரித்தாள். பிடுங்கினாலும் திரும்பி வரும் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விமலநாதன் இரண்டு நாள் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவை அவிழ்ந்தன. காற்றும் அடித்தது. ஆனால் மகரந்தம் ஒரு துகள்கூட வெளிக்கிடவில்லை. கமலாம்பிகை உடுப்புக் காயப்போட்டபடி, யாருக்கும் சொல்லாதது போல் சொன்னாள்: "அவன் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்க மாட்டான்." அவன் என்ற சொல்லை அவள் செடிக்குத்தான் சொன்னாளா என்று விமலநாதன் கேட்கவில்லை.

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, முன்கூட்டிக் கடிதம் போட்டு, ரெர்மின் என்று நாளும் நேரமும் குறித்து, நகரசபையிலிருந்து கிறேமர் என்பவர் வந்தார். கோப்பு ஒன்று திறந்தால் அதை மூடவும் யாராவது வரவேண்டும் அல்லவா. அவர் மெலிந்த, நல்ல சுபாவமுள்ள மனிதர், சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். தோட்டத்துக்குப் போய் எண்ணினார், பிறகு மறுபக்கத்திலிருந்து எண்ணினார். விண்ணப்பத்தில் ஆறு, நிலத்தில் ஒன்பது. வாழ்நாளில் முதன்முறையாக அவருடைய கடிதமும் அவருடைய வீடும் ஒத்துவரவில்லை. ஒளிக்கத் தெரியாததால் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். கிறேமர் குறிப்பு முழுவதையும் வாசித்தார். பிறகு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே மூன்று செடியையும் பிடுங்கி, புல்லில் வரிசையாகக் கிடத்தி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார். கமலாம்பிகை தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது கோப்பையை முடித்து நிமிர்ந்தபோது புல் வெறுமையாக இருந்தது, செடிகள் பீப்பாவடியில் நின்றன. பதினான்கு நிமிடம் என்று அவர் எழுதிக்கொண்டார்.

தன் படிவத்தில் திரும்பி வரும் செடிக்குக் கட்டம் இல்லை என்று கிறேமர் வருத்தத்தோடு சொன்னார். வயது வந்த ஆட்களுக்குத்தான் கட்டம் இருக்கிறது. ஒன்பது செடி என்றால் மூன்று பேர். வரும்போது கீழ்வீட்டு வாசல் மணியில் மூன்று பெயரைக் கண்டதாகவும், அந்த மூன்றாவது ஆள் இங்கேதான் இருக்கிறாரா என்றும் கேட்டார்.

குசினி யன்னலுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. இதே மாதிரிக் கேள்விகளுக்கு முப்பத்தொன்பது வருடமாக விமலநாதன் ஒரு எழுத்துப் பிசகாமல் பதில் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் குடியுரிமை கிடைத்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. இல்லை என்று சொன்னால், இனி அந்த வீட்டில் அவரோடு பேச ஆளிருக்காது. அவர் பீப்பாவடியைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால், மூன்றும் நன்றாக விழித்து, இடப்பக்கம் சரிந்து நின்றன. அவர் ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"வெளியில் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று தெரியாது."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. கிறேமர் மூன்று என்று எழுதினார். மூன்று வாரம் கழித்து முத்திரையோடு கடிதம் வந்தது: மேற்படி வீட்டில் வயது வந்தோர் மூவர், செடிகள் ஒன்பது, ஆட்சேபம் இல்லை. பதிவேட்டில் 'அறியாத இடம்' என்றிருந்த கட்டம் அன்று வெறுமையாகக் கிடந்ததாம். வெறுமையான கட்டத்துக்கு விளக்கம் கேட்க விதியில்லை. கமலாம்பிகை அந்தக் கடிதத்தைக் கடவுச்சீட்டுகள் வைக்கும் உறையில் வைத்தாள். அன்றிரவு சாப்பாட்டில், "இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்று கேட்டாள். விமலநாதன் மூன்று தரம் சொதி வாங்கினார்.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஆறு செடியையும் வெட்டினார்கள். வடகம் போல ஓலைப்பாயில் பரப்பி வெயிலில் காயவிடுவோம் என்றாள் கமலாம்பிகை. வெயில் மணத்தையும் மருந்தையும் குடித்துவிடும், இருட்டில் மெதுவாகத்தான் காய வேண்டும் என்று விமலநாதன் விதைப் பைக்கற்றோடு வந்த துண்டுப்பிரசுரத்தைக் காட்டினார். மேல்மாடிக் குடித்தனக்காரர்களுக்கும் பொதுவான நிலக்கீழ் அறையில், உருளைக்கிழங்குச் சாக்குக்கு மேலே கயிறு கட்டி, கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டி, காலையும் மாலையும் பார்த்து எழுதினார். மாதக் கடைசியில் உறைபனி விழும் என்று வானொலி சொன்னபோது, கமலாம்பிகை பீப்பாவடிக்குப் போனாள். "குளிருக்குள்ள விட ஏலாது, உள்ளுக்கு வா," என்று சொல்லித் தொட்டாள். விமலநாதன் எத்தனையோ தரம் இழுத்துப் பிடுங்கிய செடிகள், அவள் கைக்கு மண்ணோடு பிணக்கில்லாமல் வந்தன. கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றது போல் இருந்தது. அவற்றையும் அதே கயிற்றில், வேரோடு, கடைசியில் தொங்கவிட்டாள். தோட்டத்தில் அவை மறுபடி முளைக்கவில்லை.

ஆறு செடியும் பன்னிரண்டு நாளில் காய்ந்தன. காம்பை வளைத்தால் டிக்கென்று முறிந்தது. தேனுஜா சொன்ன அளவில் பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி முழங்காலில் பூசினார்கள், வலி பாதிக்கு இறங்கியது. மற்ற மூன்றின் காம்பையும் விமலநாதன் தினமும் வளைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது அவருக்குப் பயமாக இருந்தது. காய்ந்துவிட்டால் மேலே போய் அவளிடம் என்ன சொல்வது? காயவேண்டுமென்றே தொங்கவிட்ட ஒன்று காயக்கூடாது என்று அவர் முருகனிடம் கேட்டுக்கொண்டார். கார்த்திகை போனது, நத்தார்ப் பண்டிகை போனது. ஒவ்வொரு நாளும் அவர் ஏறி வரும்போது கமலாம்பிகை அரிசி கழுவிக்கொண்டே தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். தைப்பொங்கலன்று மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்.

"காஞ்சிட்டுதோ?"

"இல்லையப்பா. பச்சையாத்தான் இருக்கு."

"அவன் எதுக்கும் நேரம் எடுப்பான்," என்றாள், பானையில் அரிசியைப் போட்டாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது, முகம் சிரித்தது.

மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் கிழங்கெடுக்க இறங்கும்போது அந்த மூன்று செடிக்கும் கீழே சற்றுக் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். காலை பத்து மணிக்கு முன்னால் என்றால் சத்தம் போடாமல் போகிறார்கள். சித்திரை முடிவில் விமலநாதன் நகரசபைக்கு மறுபடியும் ஒரு விண்ணப்பம் எழுதினார். தேவையில்லைதான். வீட்டில் வயது வந்தோர் மூவர், உத்தேசிக்கும் செடிகள் ஒன்பது என்று தன் தெளிவான எழுத்தில் எழுதி, கமலாம்பிகைக்கு வாசித்துக் காட்டி, முத்திரை ஒட்டினார். பிறகு கடைக்குப் போய் ஆறு விதை வாங்கிக்கொண்டு வந்தார்.