பதினாலு மாத்திரை

சுதா மேடம் மாத்திரை எண்ணி முடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சே வரல.

மாசாமாசம் இதே கூத்துதான். ஆஸ்பத்திரி ஏஆர்டி சென்டர்ல டோக்கன் வாங்கி, பெஞ்சுல குந்தி, "பேபி"ன்னு பேரைக் கூப்பிட்டதும் டப்பாவை நீட்டணும். மேடம் மிச்சம் கீற மாத்திரையை ஒரு காகிதத்துல கொட்டி, பேனா முனையால ஒவ்வொண்ணா தள்ளி எண்ணும். முப்பது குடுத்தா, வர்ற அன்னைக்கு எத்தினி மிஞ்சணுமோ அத்தினிதான் மிஞ்சணும். ஒண்ணு கூட இருந்துச்சுன்னா தொலைஞ்சோம், "எந்த நாள் போடல?"ன்னு ஆரம்பிச்சிடும். எனக்கு எச்ஐவின்னு சொன்ன அன்னைக்கு நான் செத்தேன்னுதான் நெனச்சேன். ஒம்போது வருஷம் ஆவுது. இன்னைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்ல எட்டு மணி நேரம் நின்னுகினே பேக்கிங் பண்றேன்னா, அது அந்த மாத்திரை போட்ட பிச்சை.

"ரெண்டு. கரெக்டா இருக்கு பேபி," ன்னுச்சு மேடம். "எல்லாரும் உன்ன மாதிரி இருந்தா எனக்கு ஏன் பிரஷர் வருது?"

எனக்கு சுருக்குன்னுச்சு. கணக்கு கரெக்டுதான். ஆனா அதுல பாதி என் வயித்துக்குள்ள போவல.

பக்கத்துல என் புருஷன் உதயகுமார் குந்திகினு இருந்தாரு. ஆவடி, பூந்தமல்லி ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்றவரு. அவருக்கு நோய் இல்ல. எனக்கு கீதுன்னு தெரிஞ்சே ரெண்டு வருஷம் முன்னாடி தாலி கட்டுனாரு. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி அவரும் டெஸ்டுக்கு ரத்தம் குடுப்பாரு. அன்னைக்கும் குடுத்துட்டு ரிசல்டுக்குத்தான் காத்துகினு கீறோம்.

நான் பண்ண வேலையை சொல்லிடறேன். ஒரு மாசம் முன்னாடி ஒருவாட்டி ஆணுறை கிழிஞ்சிடுச்சு. "உடுமே, உன் ரத்தத்துல கிருமி டெஸ்டுலயே தெரியல, அப்டி இருந்தா ஒட்டாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிச்சில்ல," ன்னுட்டாரு அவரு. எனக்கு ஆறல. மொத புருஷன் எனக்குக் குடுத்துட்டுப் போனதை நான் இந்த மனுசனுக்குக் குடுத்துடக் கூடாது. எனக்கு இருக்கிறது அந்த ஒரு பயம்தான். டாக்டரு பத்துவாட்டி சொன்னாலும் அது போவாது.

அப்போதான் என்னை மாதிரி நோய் கீற பொம்பளைங்க மீட்டிங்ல ரேகா சொன்னா. "நோய் இல்லாதவங்களுக்கும் மாத்திரை கீதுடி. போட்டுகினா நம்மகிட்டேந்து ஒட்டாது."

"எந்த மாத்திரைடி?"

"எல்லாம் நம்ம மாத்திரைதான்."

அவ சொன்ன தோரணைக்கு, டாக்டருக்கே பாடம் எடுத்தவன்னு நெனச்சுக்கலாம். மேடத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டா, ஏன் கிழிஞ்சுது, எப்போ கிழிஞ்சுதுன்னு நாலு பேரு காதுபட விசாரிக்கும். வாயை மூடிகினேன். கூட நாலு மாத்திரை குடுங்கன்னும் கேக்க முடியாது, எண்ணிக் குடுக்கிற எடம்.

எங்க சனங்க யாரும் மாத்திரையை லேபிளோட ஊட்டுக்குக் கொண்டு போவ மாட்டோம். கோவில்பதாகைல எங்க ஊட்டுக்கார அம்மா புஷ்பா இருக்குதே, அது குப்பைக் கூடையையும் கிண்டிப் பாக்கும். அதனால பழைய கால்சியம் டப்பா ஒண்ணுல கொட்டி வெச்சிருப்பேன். அது வசதியா போச்சு. ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு. "இந்தாய்யா, சத்து மாத்திரை. நாள் பூரா வண்டியில இடுப்பு ஒடியுதில்ல, முழுங்கு." காலைல ஸ்டாண்டுக்குக் கிளம்பறப்போ கையில வெப்பேன். அவரும் ஒண்ணும் கேக்காம வாங்கிகினு, தண்ணி சொம்போட வாசப்பக்கம் போவாரு.

அவரு முழுங்கறாருன்ற தைரியத்துல, உறையே வேணாம்னு நானே சொல்லிட்டேன். முப்பத்தி நாலு வயசாவுது எனக்கு, ஒரு புள்ள வேணும்னு ஆசை இருக்காதா? அவரும் உடனே சரின்னுட்டாரு. இவரு எதை நம்பி சரின்றாருன்னு அப்பவே நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

ரிசல்ட் சீட்டு வந்துது. "உதயகுமார், நெகட்டிவ்," ன்னுச்சு மேடம்.

அப்பாடான்னு எந்திரிச்சேன். என் வைத்தியம் பலிச்சிடுச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரு திமிரு வேற. ஆனா அவரு எந்திரிக்கல. மேசை மேல கெடந்த அந்த ரெண்டு மாத்திரையவே பாத்துகினு இருந்தாரு.

"மேடம், முப்பதுல ரெண்டுதான் மிச்சமா?"

"ஆமா. இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு மாத்திரை. ஏன்?"

"அப்போ இது?"

காக்கி சட்டை பாக்கெட்டுலேந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வெச்சாரு. உள்ள என் மாத்திரை. மேடம் அதையும் காகிதத்துல கொட்டி, பேனாவால தள்ளித் தள்ளி எண்ணுச்சு. பதினாலு.

"உன் மாத்திரை எனக்குத் தெரியாதா பேபி?" ன்னாரு. "எத்தினிவாட்டி நானே வந்து வாங்கிகினு போயிருக்கேன். பயந்துகினு குடுக்கறா, வேணாம்னா அழுவான்னு வாங்கி வாங்கி ஆட்டோல வெச்சிட்டேன். சென்டர்ல கூடக் குடுத்துட்டாங்க போலன்னு நெனச்சேன். இன்னைக்கு மேடத்துகிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்னுதான் எடுத்தாந்தேன். உன்னுதை நிறுத்திட்டு எனக்குக் குடுக்கறேன்னு எனக்கு இன்னாமே தெரியும்?"

அவரு முழுங்கறாருன்னு நான் நம்புனேன். நான் முழுங்கறேன்னு அவரு நம்புனாரு. ரெண்டு பேரையும் காப்பாத்த வேண்டியது ஆட்டோக்குள்ள கெடந்திருக்குது.

"யோவ்! முழுங்கலன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னாய்யா கேடு?" கத்திட்டேன். வெளிய பெஞ்சுல கீறவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"நீ சொன்னியா?" ன்னாரு அவரு. அவ்ளோதான்.

மேடம் எந்திரிச்சுப் போய்க் கதவை சாத்துச்சு. மூஞ்சியே மாறிடுச்சு. "நாள் விட்டு நாள் போட்டா கிருமி மறுபடி ஏறும் பேபி. மாத்திரைக்கு அடங்காமக்கூடப் போயிடும். உனக்கு ஏறியிருக்கான்னு இன்னைக்கு ரத்தம் எடுத்தாலும் ரிசல்ட் வர நாளாகும். இவரோட நெகட்டிவ் பழைய கதை. இந்த மாசம் ஒட்டியிருந்தா இன்னைக்கு டெஸ்டுல தெரியணும்னு இல்ல."

"அப்போ ரேகா சொன்னது பொய்யா மேடம்?"

"பொய் இல்ல. நோய் இல்லாதவங்க முன்னாடியே போட்டுக்க ஒரு மாத்திரை இருக்கு. நடந்தப்புறம், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு ஒரு மாசம் போட்டுக்கறதும் இருக்கு. டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டு அவருக்குன்னு எழுதிக் குடுக்கணும். உன் பங்கைப் பிரிச்சுக் குடுக்கறதில்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

எனக்கு வந்துது பாரு ஆத்திரம். "ஒம்போது வருஷமா வரேன் மேடம். மாத்திரைய எண்ணுனீங்க, எடை பாத்தீங்க. ஊட்ல கீற மனுசனுக்கும் மாத்திரை கீதுன்னு ஒருவாட்டி சொல்லியிருப்பீங்களா? வெளிய நாப்பது பேரு குந்திகினு கீறாங்க. எத்தினி பேருக்குத் தெரியும்னு போய்க் கேளுங்க!"

மேடம் திரும்ப வந்து நாற்காலில உக்காந்துச்சு. அப்புறம், "சொல்லல. தப்புதான்," ன்னுச்சு. உடனே பேனாவை எடுத்துச்சு. "கடைசியா எப்போ சேந்து இருந்தீங்க?"

வெக்கத்தைப் பாத்தா வேலைக்காவாது. "ஞாயித்துக்கெழம மத்தியானம். பிரியாணி துன்னுட்டு..."

"எத்தனை மணி?"

"மூணு இருக்கும்."

"இல்ல, ரெண்டரை," ன்னாரு அவரு. "மூணு மணிக்கு நான் வண்டி எடுத்துட்டேன்."

செவத்துல கடிகாரம் பதினொன்றரை. செவ்வாக்கெழம. மேடம் விரலை மடக்கி எண்ணுச்சு, நானும் எண்ணுனேன். பயத்துல எனக்கு கணக்கே வரல.

"நாப்பத்தஞ்சு மணி நேரம். முன்னாடி நடந்ததுக்கெல்லாம் நேரம் தாண்டிடுச்சு. இந்த ஒண்ணுக்காவது இருக்கு. பன்னெண்டுக்கு டாக்டர் மீட்டிங் போயிடுவாங்க. ஓடுங்க, நான் பின்னாடியே சீட்டு எடுத்துட்டு வரேன்."

ஓடுனோம். வராண்டால ஒரு ஸ்ட்ரெச்சர் குறுக்க வந்துது, அதை சுத்திகினு ஓடுனோம். டாக்டரம்மா பையைத் தோள்ல மாட்டிகினு நின்னுச்சு. மேடம் சொல்ல சொல்ல என்னைப் பாத்து மொறைச்சுது, திட்டுச்சு, ஆனா பையைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்து எழுதுச்சு. அவருக்கு இருபத்தெட்டு நாளு. எனக்கு கையில ஊசி குத்தி ரெண்டு டியூப் ரத்தம்.

மருந்து ஜன்னல்ல வாங்கிப் பிரிச்சா, அச்சு அசல் என் மாத்திரை. தண்ணிக் குழாய்கிட்ட நின்னு அவரு ஒண்ணை வாயில போட்டாரு.

"வாயைத் தொற," ன்னேன்.

"இன்னாமே, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நாக்கைத் தூக்கு."

தூக்குனாரு. உள்ள ஒண்ணும் இல்ல. கால்சியம் டப்பாவை என் கையிலேந்து புடுங்கி, ஒண்ணை எடுத்து என்கிட்ட நீட்டுனாரு. "இப்போ நீ." முழுங்கிட்டு நானும் வாயைத் தொறந்தேன். கண்ணுல தண்ணி கொட்டிகினே இருந்துது.

பெஞ்சுல இருந்த ஒரு அம்மா மெதுவா கேட்டுச்சு. "உங்கூட்டுக்காரருக்கும் நோயாம்மா?"

"இல்லக்கா. வராம இருக்கிறதுக்கு."

"அப்டி ஒண்ணு கீதா?" ன்னுச்சு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரு கிட்ட நகந்து வந்தாங்க. சொன்னேன். என் முட்டாத்தனத்தையும் சேத்தே சொன்னேன்.

என் ரத்த ரிசல்ட் இன்னும் வரல. அவரு இன்னும் ரெண்டுவாட்டி டெஸ்ட் எடுக்கணும், மூணு மாசம் ஓடணும். அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் தெரியாது. காலைல ஆறரைக்கு, கதவை சாத்திட்டு, ரெண்டு பேரும் எதுக்க எதுக்க குந்தி முழுங்கறோம், வாயைத் தொறந்து காட்டிக்கறோம். அப்புறம் அவரு டப்பாவை நான் தரையில கொட்டி எண்றேன்.

இன்னைக்கு பதினேழாவது நாளு. பதினொண்ணு மிச்சம் கீது.